பின்பக்கம் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

பட்டன் வைத்த பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அது சாய்ந்துவிடாதபடி ரீஃபிலிலேயே கோத்து வைத்துக்கொண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் அமுக்கினால் கொஞ்சமாக எதிர்க்கும். இரண்டு பங்கு அமுக்கினால் எதிர்ப்பும் இரண்டு பங்காகும். விரலை எடுத்தால் பழைய நீளத்துக்கே வந்து நிற்கும்.

இதைக் கணக்காகச் சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1660இலேயே கண்டுபிடித்துவிட்டாராம். ஆனால் வெளியே சொல்லவில்லை. 1676இல் தம் நூல் ஒன்றில் 14 லத்தீன் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிப் புதிராகப் போட்டு வைத்தார். வேறு யாராவது இதே விஷயத்தோடு வந்தால், "அது என் புதிருக்குள் ஏற்கெனவே இருக்கிறது" என்று காட்டலாம் அல்லவா! 1678இல் தாமே முடிச்சை அவிழ்த்தார். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்பதுதான் விடை. பெரிய வகுப்புக்குப் போனதும் 'ஹூக் விதி' என்று இதைப் படிப்பீர்கள். நமக்கு இன்று அது ஒரு காரின் பின்பக்கத்தைச் சரிசெய்யத் தேவைப்படுகிறது.

கார் நான்கு பெரிய ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது. ஒரு மூலையில் 240 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஸ்பிரிங் 1 மில்லிமீட்டர் அமுங்க 3 கிலோ வேண்டும் என்றால், கார் நிற்கும்போது அது 80 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். எடையை ஸ்பிரிங்கின் கடினத்தால் வகுக்கிறோம், அவ்வளவுதான். ஆக, காரின் உயரம் என்பது யாரோ திருகி வைத்த அளவு இல்லை. எடை கேட்ட கேள்விக்கு ஸ்பிரிங் சொன்ன பதில்.

இந்த உயரத்தைக் குறைக்க ஆசைப்படுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எடை தரைக்கு நெருக்கமாக இருந்தால் வளைவில் திரும்பும்போது கார் குறைவாகச் சாயும். பார்க்கவும் பதுங்கிய சிறுத்தைபோல் இருக்கும் என்பார்கள். என்னைக் கேட்டால், பாதிப்பேருக்கு இரண்டாவது காரணம்தான் முதல் காரணம். இவர்களின் செல்லப்பிள்ளை மஸ்தா எம்எக்ஸ்-5. ஜப்பானின் ஹிரோஷிமாவில் தயாராகி 1989இல் வெளிவந்த இரண்டு இருக்கைக் கார் இது. அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அழைத்தார்கள். 2016இல் இதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. முதல் மியாட்டாவின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. முன்பாதியும் பின்பாதியும் அதை ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்தக் காரை வாங்கியவர்களில் பலர் முதலில் கைவைப்பது ஸ்பிரிங்கில்தான்.

அதற்கென்றே விற்பவை லோயரிங் ஸ்பிரிங்குகள். வெறுமனே நீளம் குறைந்த ஸ்பிரிங் என்று நினைத்துவிடாதீர்கள். கார் தரைக்கு நெருங்கிவிட்டால், குழியில் இறங்கும்போது மேலும் கீழும் அசைய இடம் குறைந்துவிடும். அதனால் ஸ்பிரிங்கைக் கடினமாகவும் செய்கிறார்கள். நம் கணக்கில் மில்லிமீட்டருக்கு 3 கிலோவாக இருந்ததை 4 ஆக்கினால், அதே 240 கிலோவுக்கு 60 மில்லிமீட்டர்தான் அமுங்கும். அதாவது நீளம் குறையாத கடின ஸ்பிரிங்கைப் போட்டால் கார் 20 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும்! கார் 30 மில்லிமீட்டர் தாழ வேண்டுமென்றால் ஸ்பிரிங் 50 மில்லிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும்.

கடினம் எதிலிருந்து வருகிறது? முக்கியமாகக் கம்பியின் தடிமனிலிருந்து. தடிமனை நான்கு முறை பெருக்கிக்கொள்ளும் கணக்கு அது. 10 மில்லிமீட்டர் கம்பியை 11 ஆக்கினால் 1.1 × 1.1 × 1.1 × 1.1. நீங்களே பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வரும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே கம்பிதான். மியாட்டாவின் முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் வேறு வேறு. மாற்றிப் போட்டுவிட்டால் ஒரு பக்கம் தொங்கும், மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங்கின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டுப் பூட்டுவது நல்லது.

சரி, நான்கையும் மாட்டியாயிற்று. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் முன்பக்கம் ஒழுங்காக இருக்கிறது, பின்பக்கம் மட்டும் சரியில்லை. "ஸ்பிரிங் மோசம், திருப்பிக் கொடு" என்பதுதான் உடனே வாயில் வரும். பெரும்பாலும் ஸ்பிரிங் பாவம். அது எடைக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கும். கேள்விக்குள் நமக்குத் தெரியாமல் வேறு ஏதோ நுழைந்திருக்கும்.

முதலில் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். அதனால் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே, மட்கார்டு வளைவின் விளிம்பு வரை டேப் பிடிக்கிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எண்கள். சமதரையாக இருக்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் மியாட்டாவின் டேங்க் 45 லிட்டர் கொள்ளும், இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. நிரம்பினால் சுமார் 33 கிலோ. நம் 4 கிலோ ஸ்பிரிங் இரண்டு அதைத் தாங்கினால் 4 மில்லிமீட்டர் இறங்கும். நேற்று காலி டேங்கில் அளந்து இன்று முழு டேங்கில் அளந்தால், இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.

ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளப்பதும் வீண். கார் உயரத்தில் இருக்கும்போது சக்கரங்கள் கீழே தொங்கும், அப்போது இடச் சக்கரமும் வலச் சக்கரமும் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கும். இறக்கும்போது அவை விரிய வேண்டும். டயர் தரையைக் கவ்விக்கொண்டு விரிய விடாது. கார் மேலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை இரண்டு கையாலும் நாலு தரம் அமுக்கி விட்ட பிறகுதான் உண்மையான உயரம் தெரியும்.

இப்போது எண்களைப் பார்க்கலாம். பின்பக்கம் இருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்திருந்தால், ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். மேல்முனைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழைய ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டு அது பழைய இரும்புப் பெட்டிக்குப் போய்விடுவது சகஜம். ஆறு மில்லிமீட்டர் ரப்பர்தானே என்று விட முடியாது. ஏனென்றால் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர்மேலே இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் ஒரு நெம்புகோல். அதன் ஒரு முனை காரின் அடிச்சட்டத்தில், மறுமுனை சக்கரத்தில், ஸ்பிரிங்கின் பளு நடுவில் எங்கோ இறங்குகிறது. அடிச்சட்டத்திலிருந்து ஸ்பிரிங் 30 சென்டிமீட்டரிலும் சக்கரம் 50 சென்டிமீட்டரிலும் இருந்தால், ஸ்பிரிங்கில் காணாமல் போன 6 மில்லிமீட்டர் சக்கரத்தில் 10 ஆகிவிடும்.

கீழ்முனையில் கதை வேறு. ஸ்பிரிங் உட்காரும் தட்டில் ஒரு சின்னப் படி இருக்கும். கம்பியின் வெட்டுமுனை அந்தப் படியில் போய் முட்டி நிற்க வேண்டும். திரும்பிப்போய்ப் படியின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்த மூலை உயர்ந்து நிற்கும். பிறகு ஒருநாள் சாலையில் 'டங்' என்று சத்தம் கேட்கும், கார் திடீரென்று அந்தப் பக்கம் தாழ்ந்துவிடும். படியிலிருந்து நழுவி அது தானாகத் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

பின்பக்கம் தாழாமல், எதிர்பார்த்ததைவிடத் தூக்கிக்கொண்டு நிற்பதும் உண்டு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் இங்கே குற்றவாளி ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில்கூட இல்லை.

லோயர் ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் புஷ் என்று ஒன்று இருக்கும். ஒரு இரும்புக் குழாய், அதற்குள் அதைவிடச் சின்னக் குழாய், இரண்டுக்கும் நடுவே ரப்பர். வெளிக்குழாய் ஆர்மோடு ஒட்டியிருக்கும். உள்குழாயின் வழியே ஒரு நீள போல்ட் போகும். நட்டை இறுக்கியதும் உள்குழாய் அடிச்சட்டத்தோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆர்ம் எப்படி மேலும் கீழும் ஆடும்? ரப்பர் முறுக்கிக்கொடுக்கிறது. கதவுக் கீல்போல் இங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை.

சோதிக்க வேண்டுமா? தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் துண்டு ஒன்றில் பெரியவர்களைக்கொண்டு சின்ன ஓட்டை போட்டு, பென்சிலை இறுக்கமாகச் செருகுங்கள். துண்டைப் பிடித்துக்கொண்டு பென்சிலைக் கொஞ்சம் மட்டும் முறுக்கி விடுங்கள். பழைய இடத்துக்கே திரும்பி வரும். ரப்பருக்கு 'என் இடம் இது' என்று ஓர் இடம் இருக்கிறது. நட்டை இறுக்கும் நொடியில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அந்தக் கோணம்தான் அந்த இடம்.

இனி நடப்பதை யோசியுங்கள். கார் ஜாக்கியில் இருக்கிறது. சக்கரம் தொங்குகிறது, ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மெக்கானிக் வசதியாக உட்கார்ந்து நட்டை முழுபலத்தோடு இறுக்குகிறார். காரை இறக்கியதும் ஆர்ம் மேலே வருகிறது. ரப்பரோ தன் பழைய இடத்துக்குப் போக, ஆர்மைக் கீழே தள்ளுகிறது. ஆர்மைக் கீழே தள்ளுவது என்றால் காரை மேலே தூக்குவதுதான். புஷ் ஒவ்வொன்றும் ஒரு முறுக்கு ஸ்பிரிங் ஆகிவிட்டது! ஸ்பிரிங்கை மாற்றும்போது அந்த நட்டுகளைத் தொடவே இல்லை என்றாலும் இதேதான். ரப்பர் இன்னும் பழைய, உயரமான காரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

சில மாதம் கழித்து ரப்பர் கிழிந்து பலம் இழந்ததும் பின்பக்கம் தானாக இறங்கும். "பார், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது" என்பார்கள். நல்ல ஸ்பிரிங்கை ஆலையிலேயே ஒருமுறை முழுக்க அமுக்கி எடுத்துத்தான் அனுப்புகிறார்கள், பிற்பாடு குறுகிவிடக் கூடாது என்பதற்காக. புதிதில் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கலாம், அவ்வளவுதான்.

வைத்தியம் எளிது. செலவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். காரின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போது எல்லா புஷ் நட்டுகளையும் தளர்த்தி, பின்பக்கத்தைக் குலுக்கி, ரப்பர் முறுக்கில்லாமல் நின்றதும் திரும்ப இறுக்க வேண்டும். காருக்கு அடியில் கை நுழையாது என்பதுதான் சிக்கல். சாய்வு மேடையில் ஏற்றியோ, தூக்கிய காரைத் தாங்கிகளில் பத்திரமாக நிறுத்தி, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை உள்ள அளவு சரியாக வரும்வரை உயர்த்தியோ இறுக்குவார்கள். மியாட்டாவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லோயர் ஆர்மின் போல்ட் தலைக்கு அடியில் கோடுகள் போட்ட ஒரு வட்டத்தகடு இருக்கும். மையம் விலகிய தகடு அது, திருப்பினால் சக்கரத்தின் சாய்வே மாறும். தளர்த்துவதற்கு முன் எந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

வலப்பக்கப் பின்மூலை மட்டும் தாழ்ந்திருந்தால்? அந்த மூலையைத்தான் எல்லோரும் பிரிப்பார்கள். உங்கள் வீட்டு நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் நாலாக மடித்த காகிதத்தை வையுங்கள். அந்தக் காலும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள காலும்தான் எடையைத் தாங்கும். மற்ற இரண்டும் ஆடும். காரிலும் அப்படித்தான். இட முன்மூலை உயர்ந்துவிட்டால் வலப் பின்மூலையின் மேல் கூடுதல் எடை இறங்கி, அங்கே ஸ்பிரிங் அமுங்கும். படியேறி உட்கார்ந்தது முன்னால், தாழ்ந்தது பின்னால். அதனால்தான் எப்போதும் நான்கு எண்கள் வேண்டும் என்றேன்.

ஷாக் அப்சார்பர் மேல் பழி போடுவோரும் உண்டு. அதன் வேலை ஆட்டத்தை அடக்குவது, எடையைத் தாங்குவது இல்லை. உள்ளே அழுத்திய வாயு இருக்கும் வகை மட்டும் கொஞ்சம் மேலே தள்ளும். ஆனால் ஷாக் அப்சார்பரில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் தண்டில் பம்ப் ஸ்டாப் என்ற நுரை ரப்பர் ஒன்று கோத்திருக்கும், பெரிய குழியில் இரும்பும் இரும்பும் மோதாமல் தடுக்க. காரைத் தாழ்த்தினால் அதற்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி போய்விடும். முதல் மியாட்டாவில் அந்த இடைவெளி ஆரம்பத்திலிருந்தே சிறியது. சில கார்கள் ஸ்பிரிங்கில் நிற்காமல் இந்த நுரையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். டேப்பில் உயரம் சரியாக வரும், ஓட்டினால் முதுகெலும்பு முனகும். தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தால், தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் சரிபார்த்தும் பின்பக்கம் தாழ்வாகவே இருந்தால், தடிமனான ரப்பர் வளையம் போடலாம். ஸ்பிரிங் உட்காரும் தட்டையே மரைபோட்டுத் திருகி ஏற்றி இறக்கும் வகை ஷாக் அப்சார்பரும் உண்டு. தூக்கிக்கொண்டு நிற்பதைத் தாழ்த்துகிறேன் என்று ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது. பேனா ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் கடினம் இரண்டு மடங்காகும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஐந்தில் ஒரு பங்கு கூடும். வெட்டிய முனை படியிலும் பொருந்தாது. கேஸ் சுடரில் சூடாக்கித் தாழ்த்துவது அதைவிட மோசம். பக்குவமாகச் சூடாக்கி, குளிர்வித்து ஏற்றிய உறுதி எல்லாம் அந்த இடத்தில் போய்விடும். எச்சரிக்கை உங்களுக்கும்தான். நம் கணக்கிலுள்ள ஸ்பிரிங் 80 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும்போது, 10 கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் தூக்கும் அளவு ஆற்றல் அதற்குள் அடங்கியிருக்கிறது. யாராவது கழற்றினால் தள்ளி நின்று பாருங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு காலத்தில் காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டுவதும் சுடுவதும் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றுவதும்தான் வழக்கம். 1958இல் அரசு ஒரு சட்டம் போட்டது. சக்கரத்தின் இரும்பு விளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் இறங்கக் கூடாது. அடுத்த ஆண்டே ரான் அகிர்ரே என்பவர் தம் கார்வெட் காரில் விமானத்தில் பயன்படும் எண்ணெய்ப் பம்புகளைப் பொருத்தினார். போலீஸ் வந்தால் கார் எழுந்து நிற்கும், போனதும் உட்கார்ந்துவிடும்! அந்தத் தடை 2024 ஜனவரியில்தான் நீங்கியது. நம் ஊரில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் தெருமுனை வேகத்தடையே போதும்.

பின்பக்க உயரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், முகப்பு விளக்குக்காகவும்தான். வால் தாழ்ந்தால் மூக்கு நிமிரும், வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்ன உருளை இருக்கும். பின்னால் ஆளும் மூட்டையும் ஏற ஏற அதைத் திருப்பி விளக்கைத் தாழ்த்த வேண்டும். பிரான்ஸில் 1948இல் அறிமுகமான சித்ரோயன் 2சிவி என்ற விவசாயிகளின் காரிலேயே இதற்கு ஒரு திருகுப் பிடி இருந்தது.

அதே சித்ரோயன் நிறுவனத்தில் பால் மாஷெஸ் என்ற பொறியாளர், இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு கோளத்துக்குள் நைட்ரஜன் வாயுவையும் எண்ணெயையும் வைத்தார். கார் தாழ்ந்தால் ஒரு கம்பி அசைந்து வால்வைத் திறக்கும், எண்ணெய் உள்ளே பாய்ந்து காரைப் பழைய உயரத்துக்குத் தூக்கும், உயரம் வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். 1954இல் இதை முதன்முதலாக ஒரு காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பொருத்தினார்கள். எடை அதிகமாக ஏறி இறங்குவது பின்பக்கத்தில்தானே. முன்சக்கரங்களுக்கும் சேர்த்து வந்தது மறு ஆண்டு, 1955இன் டிஎஸ் காரில்.